காற்றுப் பையும் கணக்குப் பொய்யும்

வள்ளுவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகிறவர்கள், அவர் யார் பக்கம் சாட்சி சொல்லப் போகிறார் என்பதை முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. நான்கு சக்கர இயக்கப் பிக்கப் வண்டிகளின் பின்பக்கத்தில் துணைக் காற்றுப் பை பொருத்துவதைப் போற்றி ஈப்போ நண்பர் ஒருவர் எழுதியிருக்கும் நீண்ட கட்டுரை, 'வலியறிதல்' அதிகாரத்து மயிலிறகு வண்டியோடு தொடங்குகிறது. அளவு மீறினால் மயிலிறகுகூட அச்சை முறித்துவிடும் என்றார் வள்ளுவர். அவர் காலத்தில் காற்றுப் பை இல்லை, இருந்திருந்தால் அந்தக் குறளுக்கே வேலை இருந்திருக்காது என்பது நண்பர் காணும் நயம். நயம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முறிவது எது என்று வள்ளுவர் சொல்லியிருப்பதை நண்பர் ஏன் பார்க்கவில்லை? பட்டை அல்ல, சுருள் அல்ல, அச்சு. நண்பர் கொண்டாடும் பை எங்கே உட்காருகிறது? அதே அச்சின் மேல். பை தாங்குவதாக அவர் சொல்லும் ஒவ்வொரு கிலோவும் அந்த அச்சின் வழியாகத்தான் சக்கரத்துக்கும், சக்கரத்தின் வழியாக மண்ணுக்கும் இறங்கியாக வேண்டும். ஆக, முதல் பத்தியில் அவர் கூப்பிட்ட முதல் சாட்சியே எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகிறார்.

சிவஞான சித்தியாரில் அருணந்தி சிவாசாரியார் பிற சமயத்தாரின் கொள்கையை அவர்கள் சொல்கிறபடியே முதலில் எடுத்துவைத்து, பிறகு மறுப்பார். பரபக்கம் என்று அதற்குப் பெயர். அந்த நாகரிகத்தை நானும் கடைப்பிடிக்கவே விரும்புகிறேன். சிக்கல் என்னவென்றால், நண்பரின் கொள்கையை அவர் சொல்கிறபடியே எடுத்துவைத்தால் மறுப்புக்கு எனக்கு அதிக வேலை மிஞ்சுவதில்லை.

பொருள் அறியாத வாசகருக்கு ஒரு வார்த்தை. ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ் போன்ற பிக்கப்களின் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கில் நிற்கிறது. அங்கே பட்டைக்கும் சேசிஸுக்கும் இடையே மடிப்பு மடிப்பான ரப்பர் பை ஒன்றை இரு பக்கமும் வைப்பார்கள். ஃபோர்ச்சுனர், பஜேரோ ஸ்போர்ட் போன்றவற்றின் பின்பக்கம் சுருள் ஸ்பிரிங். அதன் வயிற்றுக்குள் உருளைப் பை ஒன்றைச் செருகுவார்கள். காற்றடித்தால் தாழ்ந்த வால் எழும்பும். அவ்வளவுதான் விஷயம். இதைத்தான் நண்பர் 'நம் காலத்தின் புரட்சி' என்று எழுதுகிறார். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஏர் லிஃப்ட் என்ற நிறுவனம் 1949லேயே இந்த வியாபாரத்தில் இறங்கிவிட்டது. மலாயா சுதந்திரம் வாங்குவதற்கு எட்டு ஆண்டு முன்னால் பிறந்த புரட்சி, நண்பரின் வாசலுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது போலும்.

முதல் வாதம்: ஒரு ஜோடிப் பை பொருத்தினால் வண்டி கூடுதலாக அரை டன் ஏற்றும். எங்கிருந்து வந்தது இந்த அரை டன்? பட்டை ஸ்பிரிங் வண்டிகளுக்கு அந்த நிறுவனமே விற்கும் ஒருவகை ஜோடியின் பெட்டியில் 5,000 பவுண்டு என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருக்கும். ஏறத்தாழ 2,270 கிலோ. பெட்டியில் அச்சானதெல்லாம் வண்டிக்குப் புதிதாக வந்த பலம் என்றால், நண்பர் அரை டன்னோடு ஏன் அடக்கிவாசிக்கிறார்? இரண்டேகால் டன் என்றே எழுதியிருக்கலாமே! எழுதாததற்குக் காரணம், அப்படி எழுதினால் சிரிப்பார்கள் என்பது அவருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே, சிரிக்காமல் நம்பக்கூடிய ஓர் எண்ணைத் தேர்ந்திருக்கிறார். பொய்க்கும் ஓர் எடை மேடை உண்டு. அதில் நிறுத்து, வாங்குகிறவன் தாங்குகிற அளவுக்கு மட்டும் எடுத்துக்கொடுத்திருக்கிறார். அதே பெட்டிக்குள், அந்தப் பையைச் செய்தவர்களே வைத்த தாளில், வண்டி உற்பத்தியாளர் குறித்த மொத்த எடையை எக்காரணம் கொண்டும் மீறாதீர்கள் என்று இருக்கிறது. பெட்டியின் வெளிப்புறத்தைப் படித்தவருக்கு உட்புறத்தைப் படிக்க நேரமில்லாமல் போயிற்றா, அல்லது படித்த பிறகுதான் கட்டுரை எழுதத் தோன்றியதா?

பால் மரத் தோட்டங்களில் காண்டா தூக்கியவர்களின் பேரப்பிள்ளைகள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஏராளம். இரண்டு பக்கமும் பால் வாளி தொங்கும் காண்டாவின் கீழ், தோளில் ஒரு துணிச் சும்மாடு வைத்துக்கொண்டால் தோல் உரியாது. அது உண்மையான சுகம், யாரும் மறுக்கவில்லை. அந்தச் சும்மாட்டை நம்பி வாளியைப் பெரிதாக்கினால் முட்டி என்ன ஆகும் என்பதை எந்தப் பாட்டியைக் கேட்டாலும் சொல்வாள். காற்றுப் பை ஒரு சும்மாடு. அச்சுக் கூடு, சக்கர பேரிங், பிரேக், சக்கரத்தைப் பிடிக்கும் போல்ட், டயர் ஆகிய எல்லாம் முட்டிகள். 265/65 ஆர்17 என்ற, பிக்கப்களில் சாதாரணமாகக் காணும் டயரின் ஓரத்தில் 112 என்று ஓர் எண் இருக்கும். உரிய காற்றழுத்தத்தில் அது அதிகபட்சம் 1,120 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு அது. மேலே பை வந்துவிட்டது என்று யாராவது டயரிடம் போய்ச் சொன்னால் அது 1,400 ஆகிவிடுமா?

இரண்டாவது வாதம் இன்னும் சுவையானது. பின்னால் பாரம் ஏறினால் வால் தாழ்கிறது, மூக்கு நிமிர்கிறது, முன்சக்கரம் லேசாகிறது; பையில் காற்றடித்தால் வால் எழும்புகிறது, வண்டி மட்டமாகிறது; ஆகவே பாரம் முன்சக்கரத்துக்குத் திரும்பிவிட்டது, ஸ்டீயரிங் பழையபடி பிடிக்கும் என்கிறார். நம் தருக்க நூலார் இதற்கு ஏதுப்போலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். காரணம் மாதிரியே உடுத்திக்கொண்டு வரும், காரணமாக இருக்காது. வண்டி மட்டமாக நிற்பது ஒன்று. பாரம் எந்தச் சக்கரத்தில் நிற்கிறது என்பது வேறொன்று. கணக்கு நாலாங்கிளாஸ் தராசுக் கணக்குதான். இப்போதைய ஹைலக்ஸின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைவெளி 3,085 மில்லிமீட்டர். பின் அச்சிலிருந்து 1,200 மில்லிமீட்டர் தள்ளி, வால் கதவை ஒட்டி, 300 கிலோவை வையுங்கள். 300ஐ 1,200ஆல் பெருக்கி 3,085ஆல் வகுத்தால் ஏறத்தாழ 117. முன்சக்கரங்கள் 117 கிலோ இழக்கின்றன. பின் அச்சில் ஏறுவது 300 அல்ல, 417. இந்தக் கணக்கில் ஸ்பிரிங் எங்கே வருகிறது? பை எங்கே வருகிறது? எங்கும் வரவில்லை. அச்சு இரண்டும் பாரம் வைத்த இடமும் மட்டுமே வருகின்றன. காற்றடித்து வாலை நான்கு அங்குலம் தூக்கினாலும் அந்த 117 கிலோவில் பொருட்படுத்தத்தக்க அளவு எதுவும் முன்னால் திரும்பிப் போகாது. முன்னால் அனுப்ப வேண்டுமென்றால் மூட்டையைத்தான் முன்னால் நகர்த்த வேண்டும். அதற்குக் காசு செலவில்லை. கடைக்காரருக்கு வரும்படியும் இல்லை.

மட்டமாக நிற்பதால் ஆகும் நன்மை எதுவும் இல்லையா? இருக்கிறது. விளக்கு எதிரே வருகிறவர் கண்ணில் அடிக்காது. முட்டு ரப்பரில் 'டங் டங்' என்று இடிக்காது. அதைச் சொல்லி நிறுத்தியிருந்தால் நண்பரோடு எனக்கு வழக்கே இல்லை. ஸ்டீயரிங் பிடிக்கும் என்று சிம்பாங் பூலாயிலிருந்து கம்போங் ராஜாவுக்கு ஏறும் மலைப்பாதையில் ஓட்டுகிறவரிடம் சொல்வது வேறு சங்கதி. முன்பு, வால் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்திருந்தபோது, வளைவில் நிதானம் வேண்டும் என்று வண்டியே ஓட்டுநரிடம் முறையிட்டது. இப்போது முன்சக்கரம் அதே அளவு லேசாக இருக்கிறது. முறையீடு மட்டும் நின்றுபோயிற்று.

முறையீடு நின்றதில் இன்னொரு கேடும் உண்டு. நண்பரின் கட்டுரையில் பிரேக் என்ற சொல் ஒரே ஓர் இடத்தில் வருகிறது, அதுவும் 'நன்றாகப் பிடிக்கும்' என்ற ஆசீர்வாதமாக. பழைய ஹைலக்ஸ் முதலான பல பிக்கப்களில், பின் அச்சுக்கும் சேசிஸுக்கும் இடையே ஒரு கம்பி ஓடும். அதன் முனையில் ஒரு வால்வு. வால் தாழ்ந்தால் பாரம் ஏறியிருக்கிறது என்று கொண்டு பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டும். வால் உயர்ந்திருந்தால் வண்டி காலி என்று கொண்டு குறைக்கும். அந்த வால்வுக்குக் கண் கிடையாது, உயரம் ஒன்றுதான் தெரியும். ஒரு டன் செம்பனைக் குலையை ஏற்றி, காற்றடித்து, வாலைக் காலி வண்டியின் உயரத்துக்குத் தூக்கி நிறுத்தினால் அது என்ன நினைக்கும்? வண்டி காலி என்றுதான். பின் பிரேக்கைத் தளர்த்திவிட்டு, முழுப் பாரத்தையும் முன் பிரேக்கே நிறுத்தட்டும் என்று ஒதுங்கிக்கொள்ளும். சக்கரம் வழுக்குவதை மின்னணுவால் அளக்கும் புது வண்டிகளுக்கு இந்தக் கோளாறு இல்லை. ஆனால் லிந்தாங்கிலும் லாசாவிலும் குலை ஏற்றி ஓடுகிறவர்களில் எத்தனை பேர் புது வண்டி வைத்திருக்கிறார்கள்? வண்டி பழுதுபார்க்கும் அனுபவமுள்ள எந்தப் பொமெனும், பை மாட்டினால் அந்தக் கம்பியைச் சரிபார்க்க வேண்டும் என்பான். பொமென்களைப் 'பழைய பஞ்சாங்கங்கள்' என்று இரண்டு பக்கத்துக்கு நையாண்டி செய்த நண்பர், அவர்களில் ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் இந்த ஒரு பத்தியாவது அவர் கட்டுரையில் உருப்பட்டிருக்கும்.

மூன்றாவது வாதத்தில் நண்பர் தம் கழுத்தைத் தாமே நீட்டுகிறார். பை பாரத்தைத் தாங்கிக்கொள்வதால் பட்டைக்கும் ஓய்வு, சேசிஸுக்கும் ஓய்வு என்கிறார். பட்டைக்கு ஓய்வு என்பது சரி. சேசிஸுக்கு எப்படி ஓய்வு வரும்? பை ஆகாயத்திலா தொங்குகிறது? அதன் தலை சேசிஸில்தானே முட்டிக்கொண்டிருக்கிறது! பட்டை ஸ்பிரிங்கின் அழகே, அது அச்சிலிருந்து வரும் விசையை இரண்டாகப் பிரித்து, முன்னால் ஓர் இடத்திலும் பின்னால் ஓர் இடத்திலுமாக, ஒரு மீட்டருக்கும் மேல் இடைவெளி விட்டுச் சேசிஸிடம் ஒப்படைப்பதில் இருக்கிறது. அந்த இரண்டு இடங்களையும் கனமான தாங்கிகள் வைத்துத்தான் தொழிற்சாலையில் பலப்படுத்தியிருப்பார்கள். பை நடுவில் உட்காருகிறது. பட்டையிடமிருந்து அது பறித்துக்கொள்ளும் பங்கை, அச்சுக்கு நேர்மேலே, ஒரே இடத்தில், முட்டு ரப்பர் எப்போதாவது ஒருமுறை இடிப்பதற்கென்று விட்ட இடத்தில், இடைவிடாமல் அழுத்துகிறது. பாரம் தொட்டி முழுக்கப் பரவியிருந்தால் பிழைத்துக்கொள்ளலாம். வாலோரத்தில் ஜெனரேட்டர், பின்னால் கொக்கியில் இழுவை வண்டி, பாதையில் குழி என்று மூன்றும் சேர்ந்தால், அந்த ஒற்றை இடமே நெம்புகோலின் தாங்குபுள்ளி ஆகிவிடும். சேசிஸ் ஓட்டுநர் அறைக்கும் தொட்டிக்கும் இடையே மடங்கும். ஆஸ்திரேலியாவில், அறையும் தொட்டியும் ஒன்றையொன்று பார்த்து முறைத்துக்கொண்டு, நடுவில் ஒடிந்து நிற்கும் பிக்கப்களின் படங்கள் பிரசித்தம். எல்லாவற்றுக்கும் பைதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். மூலகாரணம் அளவுமீறிய பாரம். ஆனால் அளவு மீறச் சொல்வது யார் என்று முதல் வாதத்திலேயே பார்த்துவிட்டோம்.

காலி வண்டியில் மெத்தை போன்ற சுகம், பாரம் ஏறினால் கல் போன்ற உறுதி, இரண்டும் ஒரே பையில் என்பதும் நண்பரின் வாக்குறுதி. கூடுதல் பட்டை சேர்த்தால் காலி வண்டி குதிக்கும், பை அப்படியல்ல என்பது முழுக்க உண்மை. கட்டுரை முழுவதிலும் எனக்குக் கிடைத்த ஒரே முழு உண்மை என்பதால் அதை அடிக்கோடிட்டு வைத்திருக்கிறேன். ஆனால் அடுத்த பக்கத்திலேயே, எப்போதும் 50 பிஎஸ்ஐ வைத்துக்கொண்டால் போதும், கூட்டிக் குறைக்கும் தொல்லை வேண்டாம் என்கிறார். 100 பிஎஸ்ஐயில் 5,000 பவுண்டு என்றால், விகிதக் கணக்கில் 50இல் 2,500 பவுண்டு, 1,100 கிலோவுக்கும் மேல். காலி பிக்கப்பின் பின்பக்கமே அவ்வளவு கனக்காது! மெத்தை எங்கே போயிற்று? காற்றைக் குறைத்தால்தான் அந்தச் சுகம். குறைக்கவே வேண்டாம் என்றால், தாம் திட்டிய கூடுதல் பட்டையையே அதிக விலைக்கு விற்கிறார் என்று பொருள். முழுக்கக் காற்றிறக்கி ஓட்டவும் கூடாது, பை மடிப்பில் நசுங்கிக் கிழியும். ஐந்து பிஎஸ்ஐயாவது இருக்க வேண்டும் என்பது தயாரிப்பாளர்களின் பொதுவிதி. பெட்ரோல் நிலையக் குழாயில் அடிப்பதிலும் நிதானம் வேண்டும். பையின் கொள்ளளவு சிறியது, கண் இமைப்பதற்குள் முள் தாண்டிவிடும். இடப்பை வலப்பை இரண்டையும் ஒரே குழாயில் இணைத்துவிடலாம் என்பது நண்பர் தரும் இலவச ஆலோசனை. வளைவில் அழுந்தும் பக்கத்துக் காற்று எழும்பும் பக்கத்துக்கு ஓடி, சாயும் வண்டியை இன்னும் சாய்க்கும். இலவசம் என்பதற்குத் தகுந்த தரம்.

வாதங்கள் தீர்ந்த இடத்தில் நண்பர் கண்ணீரைத் திறக்கிறார். 1877இல் கோலகங்சாரில் பிரிட்டிஷ் ரெசிடென்ட் ஹியூ லோவின் மாளிகைத் தோட்டத்தில் ஊன்றிய ஒன்பது ரப்பர் கன்றுகளிலிருந்து தொடங்கி, நம் பாட்டன்மார் சீவிய பால்தான் இன்று பையாக வந்து நம் வண்டிகளைத் தூக்குகிறது என்று ஒரு பக்கம். படிக்க உருக்கமாக இருக்கிறது. சுருள் ஸ்பிரிங்குக்குள் செருகும் பைகளில் பெரும்பாலானவை பாலியூரித்தேன். பால் மரத்துக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. மடிப்புப் பைகளில் ரப்பர் உண்டு, அதிலும் செயற்கை ரப்பர் உண்டு. சரி, எல்லாமே சுங்கை சிப்புட் பால் என்றே வைத்துக்கொள்வோம். பாட்டன் சீவிய பால் என்பதால் பேரன் வண்டியின் அச்சு முறியாதா? கமுனிங், எல்பில், டவன்பி என்று தோட்டங்களின் பெயர் சொன்னாலே இன்றும் ஒரு தலைமுறை பெருமூச்சு விடும் மண் அது. பால் மரம் போய்ச் செம்பனை வந்தது. லயன் வீடுகளை விட்டு வெளியேறியவர்களில் சிலர் இரண்டு மூன்று ஏக்கர் நிலம் பிடித்தார்கள், சிலர் பழைய பிக்கப் ஒன்றைத் தவணையில் எடுத்துக் குலை ஏற்றும் வேலைக்கு வந்தார்கள். நண்பரின் கட்டுரையை நம்பப் போகிறவர்கள் அவர்கள்தாம். அவர்கள் வரலாற்றை எடுத்து அவர்களுக்கே சரக்காக விற்பதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

ஏன் இவ்வளவு பாடு? கட்டுரையின் ஒரு மூலையில், கை தவறி விழுந்ததுபோல, ஒரு வாக்கியம் கிடக்கிறது: வால் தாழாமல் போனால் ஜேபிஜேகாரர் (சாலைப் போக்குவரத்துத் துறையினர்) கண்ணிலும் படாது. ஆக, சங்கதி இதுதான்! வாடகைக்குச் சரக்கு ஏற்றும் லோரிக்கு உரிமம் வேண்டும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாகனச் சோதனைக்குப் போக வேண்டும். சொந்தப் பேரில் ஓடும் பிக்கப்புக்கு அந்தச் சோதனை இல்லை. லோரி பாரத்தை பிக்கப்பில் ஏற்றினால் செலவு மிச்சம். ஏற்றியது வெளியே தெரிந்தால் வம்பு. தாழ்ந்த வால் என்பது வண்டி தானாகக் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம். அதன் வாயை அடைக்க ஒரு கருவி வேண்டும். நண்பர் குலை வாங்கி ஆலைக்கு அனுப்பும் தொழிலில் இருப்பவர் என்பதைக் கட்டுரை எங்கும் சொல்லவில்லை. ஓட்டப் போவது அவரல்ல என்பதையும் சொல்லவில்லை. 2025 மே 13 அன்று தெலுக் இந்தானில் கல் ஏற்றிய லோரி கலகத் தடுப்புப் போலீஸார் வந்த வண்டியில் மோதி ஒன்பது பேர் மாண்டார்கள். அந்த லோரியின் ஸ்டீயரிங் பழுதோடு, அளவுக்கு மிஞ்சிய பாரமும் விசாரணையில் வெளிவந்தது. அது சோதனைக்கு உட்பட்ட லோரி. சோதனையே இல்லாத வண்டியில், பாரம் வெளியே தெரியாதபடி மறைத்து ஏற்றச் சொல்கிறவருக்கு எந்த ஊர் நியாயத்தில் இடம் கொடுப்பது?

பை வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. தெமெங்கோர் ஏரிக்குப் படகு இழுத்துப் போகிறவர், கையேட்டில் குறித்த மொத்த எடைக்குள் நின்றுகொண்டு, வால் தாழ்வதை மட்டும் சரிசெய்ய விரும்பினால் தாராளமாக மாட்டிக்கொள்ளட்டும். பிரேக் வால்வைப் பார்த்துக்கொள்ளட்டும், இரண்டு பைக்கும் தனித்தனிக் குழாய் போடட்டும், காலியாகத் திரும்பும்போது காற்றைக் குறைக்கட்டும்.

நண்பருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். குலை வாங்கும் இடத்திலும் ஆலை வாசலிலும் எடை மேடை இருக்கிறது. பாரத்தோடு ஒருமுறை, இறக்கிய பின் ஒருமுறை என்று ஒவ்வொரு நடைக்கும் வண்டியை நிறுத்துச் சீட்டுக் கொடுக்கிறார்கள். பை மாட்டிய அவருடைய வண்டிகளின் சீட்டுகள் அவர் மேசை இழுப்பறையில்தான் இருக்கும். அடுத்த கட்டுரையில் வள்ளுவரை விட்டுவிட்டு, அந்தச் சீட்டுகளில் ஒன்றையும், அதே வண்டியின் கையேட்டில் மொத்த எடை குறித்த பக்கத்தையும் அருகருகே அச்சிடட்டும்.